சின்ன டிராக்டர், பெரிய அதிசயம்: கிள்ளான் பள்ளத்தாக்கு வீட்டுக்காரர்களே, இதெல்லாம் தெரியுமா?

காப்பார், மேரு, பந்திங் பக்கம் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ நிலத்தோடு வீடு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நம் ஊர்ப் புல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடியும் முழங்கால் உயரம்! வெட்டுகிறோம், வளர்கிறது, மறுபடியும் வெட்டுகிறோம். இந்த ஓட்டத்தில் நமக்குக் கைகொடுக்கும் ஒரு வீரன் இருக்கிறான். 20, 25, 30 குதிரைத்திறன் உள்ள சின்ன டிராக்டர்! வீட்டுக் கொட்டகையில் அடங்கிவிடும் இந்த வண்டிக்குள் என்னென்ன கதைகள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா? அவற்றில் பாதி நம் மண்ணின் கதை, நம் தாத்தா பாட்டி உழைத்த கதை. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

தென்துருவத்துக்கே போன வண்டி, தெரியுமா?

1953-இல் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் சிகரம் தொட்ட எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தையும் அடைந்தார். எதில் போனார் தெரியுமா? ஃபெர்குசன் டிராக்டரில்! வயலில் உழும் அதே டிராக்டருக்குப் பனியில் புதையாமலிருக்கப் பட்டைச் சங்கிலி மாட்டி, அண்டார்க்டிகாவின் ஸ்காட் தளத்திலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் ஓட்டிப்போனார்கள். 1912-இல் கேப்டன் ஸ்காட் போனதற்குப் பிறகு தரைவழியாக அங்கே சேர்ந்த முதல் குழு அதுதான். மோட்டார் வண்டியில் போய்ச் சேர்ந்த முதல் குழுவும் அதுதான்!

அந்த டிராக்டரின் சக்தி 30 குதிரைத்திறனுக்கும் குறைவு. உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பதற்கும் ஏறக்குறைய அதே சக்தி! இனி யாராவது "இந்தச் சின்ன வண்டி என்ன இழுக்கும்?" என்று கேட்டால், தென்துருவம் வரை இழுக்கும் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

உலகத்தையே மாற்றியது மூன்று புள்ளி, தெரியுமா?

டிராக்டரின் பின்னால் பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கம்பி. இந்த மூன்று புள்ளி இணைப்பை உலகுக்குத் தந்தவர் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அதற்குமுன் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேலேயே கவிழும்! ஃபெர்குசனின் மூன்று புள்ளியோ, கலப்பை இழுக்கும் விசையையே வண்டியை மண்ணோடு அழுத்தும் விசையாக மாற்றிவிட்டது. வண்டி லேசாக இருந்தாலும் பிடி வலுவாக இருந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அவருடைய டிஇ-20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராகின!

இதில் நமக்கு என்ன லாபம்? சின்ன டிராக்டர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், முதல் பிரிவு இணைப்பு என்றால் கீழ்க்கைகளின் பின் 22 மில்லிமீட்டர், மேல்கம்பியின் பின் 19 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் கருவி உங்கள் வண்டியிலும் மாட்டும்! மாட்டும்போது இடது கீழ்க்கை முதலில், வலது கீழ்க்கை அடுத்து, மேல்கம்பி கடைசியில். வலது கையின் உயரத்தைத் திருகிச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இந்த வரிசை. கழற்றும்போது அப்படியே தலைகீழ். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் கருவி மாட்டுவதில் இடுப்பு ஒடியாது.

25 குதிரைத்திறன் என்றால் எத்தனை மாடு, தெரியுமா?

ஒரு ஜோடி மாடு நிதானமாக உழைத்தால் சுமார் 1 குதிரைத்திறன். அப்படியென்றால் 25 குதிரைத்திறன் டிராக்டருக்குள் 25 ஜோடி மாடு! இது நம் ஊருக்கு வெறும் கணக்கு இல்லை. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளையும் மர வீடுகளையும் அழித்தன. இனிச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். ஊருக்கான செங்கல் சுட்ட இடம்தான் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ்! அந்தக் காலத்தில் மண், மரம், செங்கல் எல்லாமே மாட்டுவண்டியில்தான் நகர்ந்தன. மலாயா எங்கும் வண்டியோட்டிகளில் தமிழர் நிறையப் பேர். அவர்கள் தார்க்குச்சி பிடித்து ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை இன்று நீங்கள் காலைப் பசியாறுவதற்குள் முடித்துவிடலாம்.

டயருக்குள் நம் பால்மரம், தெரியுமா?

1930-கள் வரை பெரும்பாலான டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் டயர்களை மாட்டிய டிராக்டரைக் கொண்டுவந்தது. வேகம் கூடியது, எரிபொருள் மிச்சமானது, ஓட்டுநரின் முதுகெலும்பு தப்பியது! அந்த ஆண்டுகளில் உலக ரப்பரில் பெரும்பங்கு எங்கே விளைந்தது? மலாயாவில்! காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களிலேயே ரப்பர் நட்டுவிட்டார்கள். இருட்டோடு எழுந்து பால்வெட்டிய நம் பாட்டிமார்களின் உழைப்பு உலகமெங்கும் டயராக உருண்டது.

இன்னொரு வியப்பு! பின் டயருக்குள் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் நிரப்பலாம்! வால்வை மேல்பக்கம் கொண்டுவந்து அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு தண்ணீர். 100 லிட்டர் போனால் 100 கிலோ எடை. சரிவிலும் சேற்றிலும் பிடிமானம் அபாரம். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்று உப்புக் கரைசலும், பீட்ரூட் இனக் கிழங்கின் சாறும்கூட ஊற்றுகிறார்கள்! கிள்ளானில் நமக்கு அந்தக் கவலை இல்லை, குழாய்த் தண்ணீரே போதும்.

ஆனால் கழற்றிப்போட்ட பழைய டயரில் மழைத்தண்ணீர் நிற்கக்கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது! நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படித் தண்டம் கட்ட நேரலாம். பழைய டயரைக் கூரைக்கடியில் வையுங்கள், இல்லையென்றால் துளைபோட்டு வையுங்கள்.

தொட்டிக்குள் செம்பனை எண்ணெய், தெரியுமா?

இது எல்லாவற்றையும் மிஞ்சும் செய்தி! மலேசியாவில் பம்பில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலந்திருக்கிறது. 2011-இல் 5 விழுக்காடு கலப்பில் தொடங்கியது, 2019-இல் வாகன டீசலுக்கு 10 விழுக்காடாக உயர்ந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் நம் சிலாங்கூரில்தான் இருக்கிறது. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே தொடங்கியது அது. செம்பனைக் குலைகளை இழுத்துவரும் டிராக்டர் அந்தக் குலையின் எண்ணெயையே குடித்து ஓடுகிறது! இதில் புதுமையும் இல்லை பாருங்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்!

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்தக் கலப்பு டீசலுக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் அதிகம். நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை! பாதித் தொட்டியோடு வண்டியை நிறுத்தினால் இரவில் தொட்டிச் சுவரில் வியர்க்கும், தண்ணீர் அடியில் தங்கும், அதில் கிருமி வளர்ந்து பாசிபோல் ஃபில்டரை அடைக்கும். எனவே வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

பல ஜப்பானிய டிராக்டர்களில் எரிபொருள் வழியில் கண்ணாடிபோன்ற ஒரு கிண்ணம் இருக்கும். குனிந்து பாருங்கள். உள்ளே ஒரு சிவப்பு வளையம் தெரிகிறதா? அது டீசலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும்! வளையம் அடியில் கிடந்தால் நல்லது. மேலே எழும்பியிருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டீசல் குழாயை மூடி, கிண்ணத்தைக் கழற்றி ஊற்றித் துடைத்து மாட்டினால் வேலை முடிந்தது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான யோசனை!

ஒரு மணி நேரத்தில் 80,000 லிட்டர் காற்று, தெரியுமா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். எஞ்சின் கொள்ளளவு 1.1 லிட்டர், நிமிடத்துக்கு 2,500 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 80,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது! அத்தனையும் நுழைவது ஒரேயொரு காகித ஃபில்டர் வழியாக. உலர்ந்த நாளில் செம்மண் தடத்தில் ஓட்டினால் அந்தத் தூசி முழுவதையும் தாங்குவது அதுதான். ஃபில்டர் கிழிந்தால் மண் நேராக சிலிண்டருக்குள்! ஃபில்டரைத் தரையில் ஓங்கித் தட்டாதீர்கள், காகித மடிப்பு உடையும். உள்ளேயிருந்து வெளியே மெல்லக் காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளை தெரிந்தாலும் புதிது மாற்றுங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வலைத்தட்டு இருக்கிறதே, அதை உருவிப் பார்த்திருக்கிறீர்களா? லாலாங் புல் பூத்த நேரத்தில் அரை மணி நேரம் வெட்டிவிட்டு உருவுங்கள். வெள்ளைப் பஞ்சு படர்ந்து, நடுவில் நறுக்கிய பச்சைப்புல் ஒட்டி, மூலையில் ஒரு தும்பிச் சிறகும் சிக்கி, ஓட்டை ஒன்றுகூட தெரியாது! எஞ்சின் சூடேறுவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தட்டுதான். உருவி, உதறி, மாட்ட ஒரு நிமிடம் போதும். பெரிய செலவைத் தடுக்கும் நிமிடம் அது.

ஒரு நொடிக்கு 9 சுற்று, தெரியுமா?

புல்வெட்டியையும் பம்பையும் சுழற்றும் பின்தண்டைப் பிடிஓ என்கிறோம். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9! தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர்தான். ஆனாலும் கைலியின் நுனி சிக்கினால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். கை எடுக்க அவகாசமே கிடையாது. தயவுசெய்து கைலி, துண்டு, தளர்ந்த சட்டை எதுவும் வேண்டாம். மஞ்சளோ கறுப்போ, அந்த பிளாஸ்டிக் உறை இல்லாமல் தண்டைச் சுழற்ற வேண்டாம். புல் சிக்கினால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு இறங்குங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மலிவான ஒரு போல்ட் விலை உயர்ந்த கியரைக் காக்கும், தெரியுமா?

பிடிஓ தண்டில் ஒரு சின்ன போல்ட் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்டிருக்கும். ஷியர் போல்ட் என்பார்கள். புல்லுக்குள் மறைந்த மரக்கட்டையில் கத்தி மோதினால் இந்த போல்ட் தன்னை உடைத்துக்கொண்டு கியர் பெட்டியைக் காப்பாற்றும்! அடிக்கடி உடைகிறதே என்று அங்கே வலுவான போல்டைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை உடைவது கியராக இருக்கும். கையேட்டில் சொன்ன அளவிலும் தரத்திலும் நாலைந்து போல்ட் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

ஒரு நாடு சட்டம் போட்டு உயிர்களைக் காத்தது, தெரியுமா?

இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் அந்த இரும்புச் சட்டம் நிழற்குடை மாட்டுவதற்கு வந்ததில்லை! டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்க வந்தது. 1959-இலேயே சுவீடன் புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாவோர் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. அந்த இரும்புச் சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட்டும் கட்டாயம் போட வேண்டும். இரும்புச் சட்டமில்லாத பழைய வண்டியிலும், அது மடங்கியிருக்கும்போதும் பெல்ட் கூடாது.

முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழ ஓரிரு நொடியே போதும்! செம்பனைக் கட்டையையோ சேற்றில் புதைந்த காரையோ இழுக்கும்போது சங்கிலியைக் கீழே இருக்கும் இழுகம்பியில் மட்டும் மாட்டுங்கள். மேல்கம்பியில் மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும்.

ஆமையும் முயலும் எதற்கு, தெரியுமா?

த்ராட்டில் அருகே ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல்! ஆமை மெதுவுக்கு, முயல் வேகத்துக்கு. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட குறி இது. ஜப்பானில் உழைத்துவிட்டுக் கப்பலேறிவந்த பழைய வண்டியில் மற்ற எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் ஆமையையும் முயலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! சின்ன டிராக்டருக்கு ஜப்பான் தாய்வீடு மாதிரி. குபோட்டா 1890-இல் ஒசாகாவில் வார்ப்புத் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம். யன்மார் 1933-இலேயே நடைமுறைக்கு உகந்த சிறிய டீசல் எஞ்சினைச் செய்துகாட்டியது.

தமிழகமும் சளைத்ததில்லை. டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் பிறந்தது. இன்று உலகிலேயே அதிக டிராக்டர் செய்யும் நாடு இந்தியா!

மீட்டரையும் பாருங்கள். அது கிலோமீட்டரைக் காட்டாது, மணிக்கணக்கைக் காட்டும். டிராக்டரின் வயது அது உழைத்த நேரம்தான்! புது வண்டிக்குப் பெரும்பாலும் முதல் 50 மணியில் எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். அடுத்தடுத்த கெடு உங்கள் கையேட்டில் இருக்கும்.

எலிக்கு ஆந்தை காவல், தெரியுமா?

கொட்டகையில் நிற்கும் டிராக்டரின் முதல் எதிரி எலி! சூடான எஞ்சினடியில் கூடுகட்டும், வயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் குழாயிலும் புல்லைத் திணிக்கும். நம் செம்பனைத் தோட்டங்கள் இதற்கு என்ன செய்கின்றன? மரத்தூணில் பெட்டி வைத்துக் கூகை ஆந்தைகளைக் குடியேற்றுகின்றன! ஒரு ஜோடி தன் குஞ்சுகளோடு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும். நிலத்தின் ஓரத்தில் நீங்களும் ஒரு பெட்டி வைக்கலாம். அதோடு எலிவிஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும்.

வீட்டைச் சுற்றி இத்தனை வேலை செய்யும், தெரியுமா?

முன்வாளியில் மணல், கல், உரம் அள்ளலாம். பின்பிளேடால் மழை அரித்த செம்மண் பாதையைச் சமன் செய்யலாம். துளைபோடும் திருகால் வேலிக்கம்பத்துக்குக் குழி எடுக்கலாம். டிரெய்லரில் செம்பனைக் குலையும் வாழைத்தாரும் ஏற்றலாம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்த வெளியில் எரிப்பதைத் தடுப்பதால், தென்னை மட்டையையும் கிளையையும் துண்டாக்கும் கருவியில் போட்டு மரத்தடிக்கே எருவாக்கலாம். வீட்டு லோங்காங் மண்ணடைத்தால் தோண்டிவிடலாம்.

சிமென்ட் முற்றத்திலும் தார்ச்சாலையிலும் மட்டும் நான்கு சக்கர இழுப்பைப் போடாதீர்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றே வேகமாகச் சுழலும்படி செய்யப்பட்டது! சேற்றில் அது வரம். காய்ந்த தரையிலோ டயரும் கியரும் தேயும். சாலையில் இறங்க ஜேபிஜேயின் தனி வகுப்பு உரிமம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரால் மறக்க முடியும்! டிராக்டர் வெள்ளத்தில் முங்கினால் ஆவலில் சாவியைத் திருகிவிடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சின், கியர், ஹைட்ராலிக் எண்ணெய் அத்தனையையும் வடித்து மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆயுத பூஜையே சர்வீஸ் நாள், தெரியுமா?

கடைசியாக ஒன்று! ஆயுத பூஜை வருவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை உச்சத்துக்குப் போவது எப்போது? அக்டோபர், நவம்பரில்! பெருமழைக்குச் சற்றுமுன் கருவிகளைக் கழுவித் துடைத்து அடுக்கிப் பார்க்க நமக்கென்று ஒரு நாளே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான நாள் வேறு கிடைக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மாலை வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். வண்டியைக் கழுவுங்கள். எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளிலும் கிரீஸ் கன் வைத்து அழுத்துங்கள். முதலில் கறுத்த பழைய கிரீஸ் சேறுபோல் பிதுங்கும், விடாமல் அழுத்துங்கள், சுத்தமான புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும்போது நிறுத்துங்கள். பேட்டரி முனையின் வெள்ளைப் பூப்பைச் சுரண்டுங்கள். சக்கர நட்டுகளை இறுக்குங்கள். டயர் காற்றைப் பாருங்கள். சிவப்பு வளையத்தைக் கவனியுங்கள். அதன்பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்குங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் முழு சர்வீஸ். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு காலையும் எண்ணெய், தண்ணீர், வலைத்தட்டு, டயர் என நான்கு பார்வை. இதைத் தவறாமல் செய்கிறவரின் சின்ன டிராக்டர் அவருக்கும் உழைக்கும், அவர் பிள்ளைக்கும் உழைக்கும். காலைப் பார்வைக்குச் செலவு பத்து நிமிடம்தான். நாளைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள்!